கைப்பிடியில் உரிந்த பெயின்ட்

கோயில் கமிட்டிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "ஐயா, ஆண்டு மலருக்கு உங்க வேலையப் பத்தி ரெண்டு பக்கம் குடுங்க" என்று கேட்டார்கள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். நான் 'இன்னா' என்றால் அவள் 'என்ன' என்று எழுதிக்கொள்கிறாள். அது அவள் பாடு.

ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட நான் மேஜை நாற்காலிகளைப் பளபளப்பாக்கினேன். கடைசி ஆறு வருஷம் அதே மேஜை நாற்காலிகளைப் பெயின்ட் உரிந்துபோனதுபோல் ஆக்கினேன். இரண்டுக்கும் என்னைப் பாராட்டியவர்கள் உண்டு. இரண்டாவது வேலையைப் பற்றிச் சொன்னால் என் வயசுக்காரர்கள் இன்னும் நம்புவதில்லை. "நல்லா இருக்கிற அலமாரிய உரிச்சுக் குடுக்கக் காசு தர்றானா?" என்கிறார்கள். தருகிறார்கள். தில்லியில் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு.

விழுப்புரம் பக்கத்திலிருந்து தாய்மாமனோடு ரயிலேறி வந்தபோது எனக்குப் பதினைந்து வயசு இருக்கும். தில்லி கீர்த்தி நகரில் ஒரு மரச்சாமான் பட்டறையில் சேர்த்துவிட்டார். அங்கே பாலிஷ் உஸ்தாத் கரீம் பாய். அவரிடம் படித்ததுதான் என் படிப்பு. முதலில் முரட்டு உப்புத்தாள், அப்புறம் நடுத்தரம், அப்புறம் நைஸ். தில்லியில் உப்புத்தாளை ரேக்மால் என்பார்கள். தேய்த்த தூளை ஈரத்துணியால் எடுத்து, காயவிட்டு, மறுபடி தேய்க்கணும். பிறகு ஸ்பிரிட்டில் ஊறவைத்த அரக்கை, பழைய பனியன் துணியைப் பந்தாகச் சுருட்டி, வட்டம் வட்டமாகப் பூசணும். ஒரு மேஜைக்கு இருபது முறை, முப்பது முறை. உஸ்தாத் வந்து மேஜைக்கு நேரே குனிந்து தன் மீசையைப் பார்ப்பார். மீசை தெரிந்தால் "டீக்", அதாவது சரி, என்று போய்விடுவார். தெரியாவிட்டால் ஒன்றும் பேசமாட்டார். முரட்டு உப்புத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். முதலிலிருந்து ஆரம்பி என்று அர்த்தம்.

அவர் சொன்னதில் ஒன்று என் கையிலேயே தங்கிவிட்டது. அழுக்கு மேல் பூசுகிறவன் பாவி. பழைய எண்ணெய், பழைய மெழுகு, மனுஷன் கைப்பிசுக்கு எல்லாம் போய், மரம் பிறந்தமேனிக்கு வந்த பிறகுதான் பூசணும். இதை நான் எத்தனை ஆயிரம் நாற்காலிக்குச் செய்திருப்பேனோ, தெரியாது. அவர் கொடுத்த அந்தப் பழக்கத்தில்தான் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அவர் நல்லா இருக்கணும், எங்கே இருந்தாலும்.

பிறகு ஸ்பிரே மெஷின் வந்தது. அந்தப் புகை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சு இழுத்தது. பட்டறைக்காரர் மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார், குறை சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்தேன். என் மனைவி பச்சையம்மாள் அப்போது தில்லியிலேயே துவாரகாவில் நாலைந்து சொசைட்டி அடுக்குமாடிகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வீட்டுப் பெண்தான் நிவேதிதா மேடம். பெற்றவர்கள் திருநெல்வேலி, பிறந்தது வளர்ந்தது தில்லி. பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பாலம் என்கிற ஏரியாவில் ஒரு தகரக் கொட்டகை பிடித்துப் பழைய மரச்சாமான்களுக்குப் பெயின்ட் அடிக்கிறாள் என்று கேட்டதும் பச்சையம்மாள் விடவில்லை.

"எங்க வூட்டுக்காரரு பாலிஷ் வேலதாம்மா. சும்மா குந்திக்கினு என் மாவுல உப்பு பத்தலன்றாரு. இட்டுக்குனு போயிடு" என்றாளாம்.

மேடத்துக்கு என் மகளைவிட ஐந்தாறு வயசு குறைவு. நான் மேடம் என்பேன், அவள் என்னை அங்கிள் என்பாள். அவள் என்று சொல்கிறீர்களே என்று மருமகள் கேட்கிறாள். என்னுடைய முதலாளிதான், ஆனால் எனக்கு அப்படித்தான் வாயில் வரும்.

முதல் நாள் ஒரு பொட்டலத்தைக் காட்டி, "அங்கிள், இது மில்க் பெயின்ட்" என்றாள். பாலில் இருக்கிற சத்து, சுண்ணாம்பு, களிமண், வண்ணப்பொடி, அவ்வளவுதான் அதில் இருக்கிறதாம். வீட்டில் வந்து சொன்னேன்.

"இன்னாயா சொல்ற? பால ஊத்தி நாற்காலிக்கு அடிப்பாங்களா?"

"பாலு இல்லடி, பாலுல எடுத்த பொடி."

"அப்ப காலைல அந்த நாற்காலிக்கு ஒரு டம்ளர் காபியும் குடுத்துடு" என்றாள். இரண்டு வாரம் அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மேடத்தின் வேலை முறை எனக்குப் புதுசு. கண்ணளவு என்பதே கிடையாது. சமையல் தராசில் பொடியை நிறுப்பாள். அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீர். மெதுவாகக் கலக்கணும், வேகமாகக் கலக்கினால் நுரை வரும். பத்து நிமிஷம் சும்மா விடணும். "ஜல்தி வேண்டாம் அங்கிள், அது ஊறட்டும்" என்பாள். பிறகு டீ வடிகட்டியில் வடிப்பாள். தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடித்த வீட்டு வாசனை வரும். முதல் பூச்சு பார்க்கவே சகிக்காது, திட்டுத்திட்டாக, தண்ணீர்போல இருக்கும். கவலைப்படக் கூடாது. இரண்டாவது பூச்சில் கூடிவரும். காயக் காய, சில இடங்களில் பெயின்ட் மீன்செதிள்போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பட்டிக்கத்தியால் லேசாகத் தட்டினால் உதிரும். உதிர்ந்த இடத்தில் பழைய மரம் தெரியும். அதைத்தான் ஜனங்கள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். கடைசியில் ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் போட்டால் வண்ணம் அழுத்தமாகிவிடும், அதற்கப்புறம் மாற்ற முடியாது.

எதைச் செய்தாலும் முதலில் ஒரு பலகையில் செய்து பார்ப்பாள். பலகைக்குப் பின்னால் எண் போடுவாள். தப்பு நடந்தால் குரல் உயராது. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடிப்பாள், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பாள். உஸ்தாத் உப்புத்தாளை வைத்துவிட்டுப் போவதும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் பின்னால்தான் தோன்றியது.

எல்லாம் சொன்னாள். ஆனால் ஏன் சில இடத்தில் உரிகிறது, சில இடத்தில் உரியவில்லை என்பதை நான் கேட்கவே இல்லை. பாலில் செய்த பெயின்ட், எங்கே ஒட்டப்போகிறது, அதுபாட்டுக்கு உரியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷம் வேலை பார்த்தவன் ஒரு சின்னப் பெண்ணிடம் ஏன் என்று கேட்பானா? அந்தக் கர்வம் இருந்தது. ஒளிக்கவில்லை.

நான் சேர்ந்து மூன்றாவது வாரம் விஜயா அம்மா வந்தார்கள். ஐம்பது வயசுக்குப் பக்கம். துவாரகாவில் சொந்த ஃபிளாட். அவர்களுடைய அப்பா மத்திய சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வெகுகாலம் குடும்பம் நடத்தியவர். ஆபீஸில் கழித்துப்போட்ட கைவைத்த நாற்காலி ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். ஷீஷம் மரம். வேலையில் இருந்தபோதும், ரிட்டையர் ஆகி மகளோடு வந்த பிறகும், அதில்தான் உட்காருவாராம். தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"நாற்காலி ரொம்ப இருட்டா இருக்கு, ஹாலே டல்லாயிடறது. வெளிர்நீலம் அடிச்சிடுங்கோ. ஆனா அப்பா கை பட்டுத் தேஞ்ச இடமெல்லாம் அப்படியே தெரியணும். அதுக்காகத்தான் இங்க வந்தேன். இல்லேன்னா கடைல குடுத்து பாலிஷ் போட்டிருப்பேனே" என்று மேடத்திடம் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மேடம் ஜெய்ப்பூருக்கு இரண்டு நாள் சாமான் வாங்கப் போகவேண்டி இருந்தது. போகும்போது, "அங்கிள், அத ஒண்ணும் பண்ணாதீங்க. ஈரத்துணியால துடைச்சு வைங்க, போதும். வந்து பெயின்ட் பண்ணலாம்" என்றாள்.

துடைத்தேன். துணி கறுப்பாக வந்தது. கைப்பிடியில் பிசுக்கு. மறுபடி துடைத்தேன், போகவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். இதன்மேலா பூசுவது? பாவி என்பாரே உஸ்தாத். சின்னப் பெண், 'துடை' என்றால் 'சுத்தம் பண்ணு' என்றுதான் சொல்லியிருப்பாள். இப்படி நானே எனக்குச் சொல்லிக்கொண்டு உப்புத்தாளை எடுத்துவிட்டேன். முரட்டுத்தாள், நடுத்தரம், நைஸ். ஒன்றரை நாள் தேய்த்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஷீஷம் மரம் தேன் நிறத்தில், ரேகை ரேகையாக, புதுசு மாதிரி வந்து நின்றது. மேடம் பார்த்தால் என்ன சொல்வாளோ என்று ஆசையாக இருந்தது.

மேடம் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் நின்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பாட்டிலை எடுத்தாள். குடித்தாள்.

"அங்கிள், கைப்பிடி எங்க?"

"இதோ இருக்குதே மேடம்."

"இல்ல. விஜயா ஆன்ட்டியோட அப்பா கை. அது எங்க?"

அப்போதுதான் பொறுமையாகச் சொன்னாள். மில்க் பெயின்ட் வெறும் மரத்தைக் கண்டால் உள்ளே குடித்துக்கொள்ளும். ஆயுசுக்கும் விடாது. பழைய பாலிஷ், மெழுகு, கைப்பிசுக்கு இருக்கிற இடத்தில்தான் ஒட்டாமல் உரியும். எங்கே மனுஷன் கை நிறையப் பட்டதோ அங்கேதான் அதிகம் உரியும். நான் பாவம் என்று நினைத்துத் தேய்த்து எறிந்த பிசுக்குத்தான் அந்த அம்மா கேட்ட சாமான்.

அவ்வளவு வருஷத்தில் நான் கெடுத்த மேஜைகள் உண்டு, மறுபடி பாலிஷ் போட்டால் சரியாகிவிடும். இது எப்படிச் சரியாகும்? தூளைக் கூட்டிக் குப்பையில் போட்டாயிற்று. படம் ஏதாவது இருக்கிறதா என்று மேடம் போனில் தேடினாள். டெம்போவிலிருந்து இறக்கும்போது எடுத்தது ஒன்றே ஒன்று. அதிலும் நாற்காலிமேல் சாக்கு.

என் எதிரிலேயே விஜயா அம்மாவுக்குப் போன் போட்டாள். என்மேல் பழியைப் போடவில்லை. "ஆன்ட்டி, ஒரு தப்பு நடந்திடுச்சு. நாற்காலி முழுக்கத் தேய்ச்சாச்சு. நான் சரியா எக்ஸ்ப்ளெயின் பண்ணாம போயிட்டேன். மேரி கல்தி" என்றாள். தன் தப்பு என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து "சனிக்கிழமை வரேன்" என்று மட்டும் கேட்டது.

தன் தப்பு என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பெண்ணுக்கு நான் இந்த ஜென்மம் முழுக்கக் கடமைப்பட்டவன். 'கிழவன் கெடுத்துட்டான்' என்று சொல்லியிருந்தால் அது உண்மைதானே.

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் வாயைத் திறந்தேன். "மேடம், எங்கெங்க தேஞ்சிருந்துதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"பிசுக்கு இருக்கிற எடத்துல ரேக்மால் வழுக்கும் மேடம். தூள் மாவா வராது, மெழுகு மாதிரி தாள்ல அப்பிக்கும். அந்த எடத்துக்குத்தான் தாள் மாத்தி மாத்தித் தேச்சேன். கைக்குத் தெரியும்."

அவள் உடனே நம்பிவிடவில்லை. சாக்பீஸ் கொடுத்தாள். "கண்ண மூடி யோசிச்சு மார்க் பண்ணுங்க" என்றாள். போட்டேன். எல்லாவற்றையும் படம் எடுத்தாள். பிறகு ஈரத்துணியால் அத்தனையையும் அழித்துவிட்டாள். "நாளைக்கு மறுபடி" என்றாள். மறுநாள் மறுபடி போட்டேன். போனில் இருந்த படத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். விரல் அகலம்கூடத் தள்ளவில்லை. ஒரே ஒரு இடம்தான் புதுசு. முதுகுச் சாய்வின் மேல்கட்டை. முதல் நாள் அங்கே நான் கோடு போடவில்லை, இரண்டாம் நாள் போட்டிருந்தேன்.

"இது நேத்து இல்லையே அங்கிள்?"

"எல்லா நாற்காலிக்கும் அங்க தேயும் மேடம். புடிச்சு இழுக்குற எடம். ஐம்பது வருஷமா பாக்குறேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சரி என்றாள்.

கோடு போட்ட இடங்களில் தேன்மெழுகைத் தேய்த்தோம். அழுந்தத் தேய்ந்த இடத்துக்கு அழுத்தி, லேசான இடத்துக்கு லேசாக. மெழுகு இருந்தால் பெயின்ட் பிடிக்காது, பிசுக்கு செய்கிற வேலையை அது செய்யும். அதற்கும் முதலில் பலகையில் இரண்டு சோதனை. பிறகு இரண்டு பூச்சு வெளிர்நீலம். காய்ந்ததும் நான் கத்தியால் தட்டத் தட்டச் செதிள் உதிர்ந்தது. கைப்பிடி நுனியில் நாலு விரல் அகலத்துக்கு மரம் தெரிந்தது. எண்ணெய் போடப் போனேன். மேடம் தடுத்தாள். "ஆன்ட்டி பாக்கட்டும். எண்ணெய் போட்டா முடிஞ்சு போச்சு."

சனிக்கிழமை விஜயா அம்மா வந்தார்கள். மேடம் எதையும் மறைக்கவில்லை. மெழுகு, சாக்பீஸ், படம் எல்லாம் சொன்னாள். அந்த அம்மா நாற்காலியைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்து, "நீங்களா தேய்ச்சேள்?" என்றார்கள்.

"நான்தாம்மா. தப்பு என் மேலதான். மேடம் துடைக்கத்தான் சொன்னாங்க."

"எங்கெங்க இருந்ததுன்னு காட்டுங்கோ. நீங்களே சொல்லுங்கோ."

வலது கைப்பிடியின் நுனியைக் காட்டினேன். "இங்கதாம்மா ரொம்ப. நாலு வெரல்."

"ஆமா. பேப்பர் படிச்சிண்டே தாளம் போடுவார்."

இடது கைப்பிடியின் பின்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று இருந்ததைக் காட்டினேன். அது கை படும் இடம் இல்லை, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அது நான்" என்றார்கள். "சின்ன வயசுல அங்கதான் ஏறி உக்காந்துப்பேன்." மேடம் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

நாற்காலியைச் சாய்த்துக் கைப்பிடியின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். இரண்டு பக்கமும் அடியில் விரல் பட்ட பிசுக்கு இருந்தது. அங்கேயும் உரித்திருந்தேன். அவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். பிறகு மேல்கட்டைக்கு வந்தேன். நடுவில் அழகாக உரிந்திருந்தது. பார்க்கப்போனால் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது அதுதான். அந்த அம்மா கையை நீட்டி அதைத் தொடப் போனார்கள்.

என்னால் முடியவில்லை. "அம்மா, அது எனக்குத் தெரியாது. அது யூகம். நாற்காலின்னா அங்க தேயும்னு நானா வெச்சது."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விஜயா அம்மா கையை இழுத்துக்கொண்டார்கள். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். மெதுவாகச் சிரித்தார்கள்.

"அப்பா ஒரு நாளும் அங்க பிடிச்சு இழுக்கமாட்டார். கீழ் வீட்டுல ஒரு நோயாளி இருந்தா. தரையில நாற்காலி தேய்ஞ்சா சத்தம் கேக்கும்னு, கைப்பிடிக்கு அடியில ரெண்டு கையையும் குடுத்துத் தூக்கித்தான் வைப்பார். அவா காலி பண்ணிண்டு போனப்புறமும் அப்படித்தான். துவாரகாவுக்கு வந்து மொசைக் தரையிலயும் அப்படித்தான்."

நாங்கள் மூன்று பேரும் அந்த அடிப்பக்கத்தைப் பார்த்தோம்.

"மேல இருக்கறதை எடுத்துடுங்கோ" என்றார்கள். "தெரிஞ்சது மட்டும் இருக்கட்டும்."

ஸ்பிரிட் போட்டு மெழுகை எடுத்தேன். நைஸ் உப்புத்தாளால் மேல்கட்டையை மட்டும் தேய்த்தேன். மேடம் பொடியை நிறுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், பத்து நிமிஷம் ஊறவைத்தாள். அந்த அம்மா டீ குடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இரண்டு பூச்சு. அது மரத்தில் ஊறி நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தேன், ஒரு செதிள்கூட எழவில்லை. பிறகுதான் எண்ணெய் போட்டோம்.

அதன் பிறகு ஆறு வருஷம் மேடத்திடம் இருந்தேன். முட்டி மடங்காமல் போனதால்தான் நின்றேன். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்த நாற்காலியை எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை. எந்தச் சாமான் வந்தாலும் முதலில் என்னை அழைத்து, "அங்கிள், கைய வெச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்பாள். நான் சொல்வேன். தெரியாத இடத்தைத் தெரியாது என்பேன். அவள் அங்கே மெழுகு வைக்கமாட்டாள்.

இரண்டு மாசம் முன்னால் விஜயா அம்மா வீட்டுக்குப் பச்சையம்மாள் முதல் தடவையாக மாவு கொண்டுபோனாள். அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சண்டைக்கு நின்றாள். "இன்னாயா வேல பாத்த நீ? கை ரெண்டும் உரிஞ்சு கெடக்குது, முதுகு மட்டும் புத்தம் புதுசா கீது. பாதில வுட்டுட்டு வந்துட்டியா?"

"இல்லடி, முடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றேன்.